சம்பந்தி மூச்சால் திறந்த வால்வு

என் பட்டறையில் சாமிப் படத்துக்குக் கீழே ஓர் ஆணி இருக்கிறது. அதில் வருஷக்கணக்காக ஒரு சாண் நீளக் கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சாமிக்குச் சூடம் காட்டும்போது அதற்கும் சேர்த்தே காட்டுவேன். குழாயின் ஒரு முனையில் பல் தடம் இருக்கும், மேலே நாலு, கீழே மூன்று. பழுதுபார்க்கத் தங்கள் காரை, எங்கள் பேச்சில் காடியை, கொண்டுவருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "என்னா அண்ணே, எலி கடிச்சதையெல்லாம் சாமிகிட்ட மாட்டி வச்சிருக்கீங்க?" என்பார்கள். எலி இல்லை, என் சம்பந்தி என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு அவர்கள் காடியின் பானட்டைத் திறக்கப் போய்விடுவேன். இந்த இரண்டு வாரமாக அந்த ஆணி காலியாக இருக்கிறது. குழாய் வேறு இடத்தில் வேலையாக இருக்கிறது. காலி ஆணியைத் தினமும் பார்க்கப் பார்க்கத்தான், அந்தக் கதையை இதுவரை யாரிடமும் நான் சரியாகச் சொன்னதே இல்லை என்பது உறைத்தது. சொன்னால் என் பெருமையில் கொஞ்சம் குறைந்துபோகும் என்று ஒரு பயம். இப்போது வயது அறுபத்தெட்டு. கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, கையிருப்பு நிறையவே இருக்கிறது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவன். எங்கள் தீவில் ஜெலுத்தோங் என்கிற இடத்தில் ஒரு சீனர் பட்டறையில் ஸ்பேனர் கழுவப் போய்ச் சேர்ந்தேன். இன்று அதே சாலையில், அதைவிடப் பெரிய பட்டறை என்னுடையது. ஒரே நேரத்தில் மூன்று காடிகளைத் தூக்கி நிறுத்துவேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் தூங்குகிறது என்று சொல்லிவிடுவேன், பானட்டைத் திறக்கவே வேண்டாம். படித்துவிட்டு வந்தவர்கள் கம்ப்யூட்டரை மாட்டி அரை மணி நேரம் பார்த்துவிட்டு நான் சொன்னதையே சொல்லுவார்கள். தீவில் என்னிடம் வந்து சரியாகாமல் திரும்பிய காடி ஒன்று இருந்தால் அதன் நம்பரைச் சொல்லுங்கள், இன்றே கூப்பிட்டு அனுப்புகிறேன். இப்படி நாற்பது வருஷம் இருந்தவனிடம் ஒருவர் வந்து, "இது தப்பு" என்று சொன்னார். அவரைப் பற்றித்தான் இது.

அவர் என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். வீடு கடல் பாலத்தைத் தாண்டி அந்தக் கரையில், சிம்பாங் அம்பாட்டில். அதே கரையில் பிறையில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிற வேலை. தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவியாக்கி ஆலை முழுக்க அனுப்புகிற அந்தப் பெரிய இரும்புப் பீப்பாயோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர். மெலிந்த ஆள். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். ஒரு பேச்சுக்கு நான் பத்துப் பேச்சுப் பேசினால், அவர் பதினோராவதாக ஒன்று பேசுவார்.

சம்பந்தம் பேச அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நடந்ததை என் வீட்டுக்காரி இன்றைக்கும் மறக்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்து கோப்பி குடித்தாயிற்று. என் மகனின் சம்பளத்தையும் அவர் கேட்கவில்லை, சொந்த வீடா என்றும் கேட்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிள்ளை சும்மா இருக்கிறப்ப என்ன செய்வாரு?" என்றார். என் வீட்டுக்காரி எழுந்து அடுப்பங்கரைக்குப் போய், அங்கிருந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சும்மா இருக்கிற பிள்ளையை யாரு பெத்தா இங்க?" என்றாள். என் மகன்தான் சிரித்துக்கொண்டே, "சும்மா இருந்தா காடியைத் தொடைப்பேன் மாமா. அதுவும் இல்லேன்னா தூங்கிருவேன்" என்றான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓடுறப்ப எல்லாரும் நல்லாத்தான் ஓடுவாங்க. சும்மா நிக்கிறப்ப என்ன செய்றாங்க, அதைத்தான் நான் பார்ப்பேன்" என்றார். அந்த நிமிஷமே நிச்சயம் ஆனது போலத்தான். பாய்லர்க்காரர், வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நான் விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. மற்றவர்கள் பெரிய வெளிநாட்டுக் காடியை வாடகைக்கு எடுத்து ரிப்பன் கட்டுவார்கள். நான் அப்படிச் செய்வேனா? என்னிடம் ஒரு பழைய ஜப்பான் காடி இருந்தது. துருவாக வாங்கி, தகடு தகடாகப் புதுசாக்கி, தந்த நிறம் அடித்து வைத்திருந்தேன். அதன் எஞ்சின் கொஞ்சம் சிறிசு. அதற்கு ஒரு சூப்பர்சார்ஜர் போடுவது என்று முடிவு செய்தேன். அது என்னவென்றால், வெளிக்காற்றை அள்ளி அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற ஒரு மிஷின். காற்று கூடினால் பெட்ரோல் கூட எரியும், எரிந்தால் இழுவை கூடும், அவ்வளவுதான் சூத்திரம். எஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டியிருக்கும். பிறையில் நொறுங்கிப்போன ஒரு காடியிலிருந்து அதைக் கழற்றி வந்து, நானே தகடு வெட்டி, நானே தாங்கி செய்து, நானே மாட்டினேன். என் மருமகள் நான் கட்டிய எஞ்சினில்தான் பாலத்தைத் தாண்டி என் வீட்டுக்கு வருவாள் என்று முடிதிருத்துகிற கடையில் சொன்னேன், பசாரில் சொன்னேன், கோயில் கமிட்டிக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே எழுந்து சொன்னேன். ஜெலுத்தோங்கில் அது தெரியாத ஆள் இல்லை.

அந்த மிஷினுக்கு ஒரு வால்வு வேண்டும். ஏன் என்றால், காலை மிதியிலிருந்து எடுத்ததும் எஞ்சினின் வாசலில் இருக்கிற தட்டு மூடிக்கொள்ளும். மிஷின் அள்ளிக்கொண்டு வந்த காற்றுக்கு உள்ளே போக வழியில்லை. அந்த அழுத்தத்தை வெளியேற்ற ஒரு கதவு வேண்டும், அதுதான் வால்வு. நான் வாங்கியது டர்போ காடிகளுக்குப் போடுகிற சிவப்பு அலுமினிய வால்வு. கண்ணாடி மாதிரி பளபளப்பு. காலை எடுத்தால் 'புஸ்' என்று ஒரு சத்தம் போடும் பாருங்கள், அடுத்த தெருவில் நடக்கிறவன் நின்று திரும்புவான். அதன் தலையில் ஸ்பிரிங்கை இறுக்குகிற திருகு ஒன்று இருந்தது. இறுக்கினால் சத்தம் இன்னும் கூர்மையாக வந்தது. நான் கடைசி வரை முறுக்கினேன். கல்யாண ஊர்வலத்தில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று நினைத்து எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பந்தியைத் தீவுக்கு வரவழைத்து, முன் சீட்டில் உட்காரவைத்துக் கடலோர நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டம் ஓட்டினேன். காடி பறந்தது. இந்த வயதில் இந்தப் பழைய இரும்பு இப்படிப் பாயுமா என்று எனக்கே உடம்பெல்லாம் சிலிர்த்தது. காலை எடுக்கும்போதெல்லாம் 'புஸ்'. ஒவ்வொரு 'புஸ்'ஸுக்கும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். சரி, ஆள் மலைத்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு, பசார் பக்கம் போய் நாலு பேருக்கும் காட்டலாம் என்று திருப்பினேன்.

ஞாயிறு காலையில் ஜெலுத்தோங் பசார்ச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லாரி, மோட்டார் சைக்கிள், காய்கறி வண்டி, நடுவில் நாங்கள். நகர்வதும் நிற்பதும் நகர்வதும் நிற்பதுமாகப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பானட்டுக்குள்ளே ஏதோ தடதடவென்று அடித்தது. பின்னால் கரும்புகை. பிறகு 'பட்' என்று ஒரு வெடி. எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. பசார் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. மீன் விற்கிற அக்கா கையில் கத்தியோடு எட்டிப் பார்த்து, "தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கே அண்ணே, இப்பவே வெடியா?" என்றாள். அந்த அக்காவின் மகனுடைய மோட்டாருக்கு நான் வேலை செய்து கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து அவள் கடையில் கெண்டை வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பானட்டைத் திறந்தால், சூப்பர்சார்ஜருக்கும் எஞ்சின் வாசலுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் முழங்கை கழன்று தெறித்துக் கிடந்தது. பெட்ரோல் சரியில்லை என்றேன். பிளக் சரியில்லை என்றேன். சம்பந்தி விரலை நாக்கில் தொட்டு, காற்றுப்போகிற இரும்புக் குழாயில் வைத்தார். 'சுர்' என்றது. அதன்பிறகு சிவப்பு வால்வைக் காட்டி, "சம்பந்தி, இது எப்ப திறக்கும்?" என்றார்.

"ஓட்டத்துல காலை எடுத்தா திறக்கும். கேட்டீங்கல்ல சத்தத்தை."

"சும்மா நிக்கிறப்ப?"

"நிக்கிறப்ப ஏன் திறக்கணும்? மூடித்தான் இருக்கும்."

அவர் பெல்ட்டைக் காட்டினார். "காடி நின்னாலும் எஞ்சின் ஓடுதே. எஞ்சின் ஓடுனா இந்த மிஷினும் சுத்துதே. வாசலை மூடி வச்சுக்கிட்டு அது பாட்டுக்குக் காத்தை அள்ளி அமுக்கிக்கிட்டே இருக்கு. அமுக்க அமுக்கச் சூடு ஏறும். அந்தக் காத்து எங்க போகும் சம்பந்தி?"

இன்னொருவர் சொல்லி நான் பெல்ட்டைக் குனிந்து பார்த்தேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. டர்போ என்பது வெளியேறுகிற புகையில் சுற்றுவது, காடி நிற்கும்போது அதுவும் அடங்கிக் கிடக்கும். இது பெல்ட்டில் சுற்றுவது, இதற்கு ஓய்வே கிடையாது. இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்ததை இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை, காது முழுக்க 'புஸ்' இருந்ததால்.

அப்போது அவர் வால்வின் தலையிலிருந்த திருகைப் பார்த்துவிட்டார். "இதை யாரு முறுக்குனது?"

"நான்தான். சத்தத்துக்காக."

அவர் முகம் மாறியதை என்னால் எழுதிக் காட்ட முடியாது. பாய்லரின் பாதுகாப்பு வால்வுக்கு ஈயத்தால் முத்திரை போட்டிருப்பார்களாம். அழுத்தம் மீறினால் அது தானாகத் திறந்து ஆவியை விடும். அதை ஒருவன் முறுக்கிவிட்டால் அந்த ஆலையில் நிற்கிற யார் உயிருக்கும் உத்தரவாதமில்லை. முப்பது வருஷம் தினமும் அந்த முத்திரை அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் தன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பாராம். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "காடி நல்ல காடி சம்பந்தி. உங்க கை நல்ல கை. ஆனா என் மக இதுல ஏற மாட்டா."

அது மட்டும் இல்லை. அவர்கள் பக்கத்தில் தாலி கட்டியதும் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு உறுமி மேளத்தோடு ஊர்வலம் போவார்கள். மேளக்காரர்கள் முன்னால் ஆடிக்கொண்டு போக, பெண் மாப்பிள்ளை காடி பின்னால் ஊர்ந்து வரும். உச்சி வெயிலில் அரை மணி நேரம், நாலடி நகர்ந்து ஒரு நிமிஷம் நிற்கிற ஊர்வலம். "அத்தனை நேரமும் இது சும்மா நிக்கிற மாதிரிதான்" என்றார். பசாரில் பத்து நிமிஷம் தாங்காத காடி. உள்ளே பட்டுப் புடவையில் அவர் ஒரே மகள்.

மூன்று நாள் நான் அவருக்குப் போன் போடவில்லை. ஊரெல்லாம் சொல்லி வைத்த வாய், வாடகைக் காடியில் மருமகளைக் கூட்டிவந்தால் இனி முடிவெட்டப் போகிற கடையைக்கூட மாற்ற வேண்டும். என் வீட்டுக்காரி சோற்றைப் போட்டுவிட்டு, "அந்த மனுஷன் காத்து எங்க போகும்னுதானே கேட்டாரு. உங்க கோவம் எங்க போகும்னு நான் கேக்கிறேன், சொல்லுங்க" என்றாள். இரவில் ஒளிந்து அல்ல, பட்டப்பகலில், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அந்தத் திருகைக் கடைசி வரை தளர்த்திப் பார்த்தேன். அப்போதும் எஞ்சின் சும்மா ஓடும்போது வால்வு திறக்கவில்லை. அதன் ஸ்பிரிங்கே முரடு. வேறொன்று வாங்கினேன், நீல நிறம், அதுவும் அப்படியே. நாலாவது நாள் காடியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் பிறைக்குப் போனேன். வேறு காடிதான், அதை எடுக்கத் தைரியம் வரவில்லை.

ஷிப்டு முடிந்து ஆலைக் கதவிலிருந்து மோட்டார்கள் கூட்டமாக வெளியேறின. கடைசியில் அவர் நடந்து வந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. "வருவீங்கன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சாண் ரப்பர்க் குழாயை எடுத்துக் காட்டினார். மூன்று நாளாக அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார் மனுஷன். எனக்குக் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

சிம்பாங் அம்பாட்டுக்குப் போகிற வழியில், ஜப்பானிலிருந்து வருகிற பாதி வெட்டிய காடிகளைக் குவித்து வைத்து உதிரி விற்கிற ஹாஃப் கட் கடை ஒன்று இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே மலை மலையாக எஞ்சின்கள். ஒரு நீலப் பீப்பாய் நிறைய வால்வுகள் மட்டும். தவுக்கே, அதாவது கடை முதலாளி, எனக்குப் பழக்கம். சம்பந்தி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பீப்பாயின் முன் உட்கார்ந்தார். ஒரு வால்வை எடுப்பார், அதன் தலையில் இருக்கிற சின்ன மூக்கில் குழாயின் ஒரு முனையைச் செருகுவார், மறு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுப்பார். உள்ளே இருக்கிற தட்டின் மேல் விரலை வைத்து, அசைகிறதா என்று பார்ப்பார். எஞ்சின் சும்மா ஓடும்போது தன் வாசலுக்கு உள்பக்கம் ஓர் உறிஞ்சல் வைத்திருக்கும். அந்த உறிஞ்சல்தான் இந்த வால்வைத் திறக்க வேண்டும். "மனுஷன் மூச்சுக்கே திறந்தா எஞ்சின் மூச்சுக்குத் திறக்காம இருக்குமா?" என்றார். எத்தனை எளிய சோதனை பாருங்கள். ஒரு கருவி கிடையாது, ஒரு மீட்டர் கிடையாது. எனக்கு உள்ளங்கை பரபரத்துவிட்டது.

முதல் வால்வு அசையவில்லை. "பிடிவாதக்காரன்" என்று ஒதுக்கினார். அடுத்தது கொஞ்சம் திறந்து அங்கேயே நின்றது. "சோம்பேறி." அதற்கடுத்தது சுலபமாகத் திறந்தது. அதைக் கண்டு நான் எழுந்தேவிட்டேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, இப்போது அதே குழாயில் மூச்சை ஊதி, தட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். வேகத்தில் போகும்போது எஞ்சின் பக்கம் அழுத்தம் ஏறும், அப்போது வால்வு இறுக மூடிக்கொண்டால்தான் அமுக்கிய காற்று முழுசாக எஞ்சினுக்குப் போகும். அது ஓரத்தில் கசிந்தது. "இவன் ஓட்டைவாய்." தவுக்கே கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். "அங்கிள், அது ஷீஷா இல்லே லா, புகை வராது" என்றார். சம்பந்தி குழாயை வாயிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டினார். உதட்டைச் சுற்றி மீசை மாதிரி கரி.

நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். எந்த வாய் அகலம் நம் குழாய்க்குச் சேரும் என்று ஒதுக்கிக் கொடுத்தது நான். சிறிய வாயாக இருந்தால் திறந்தும் பயனில்லை, காற்று நெருக்கியடித்து நிற்கும். இன்னொன்றும் சொன்னேன். நம் காடியில் உள்ளே வருகிற காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோல் ஊற்றுகிற ஒரு கருவி இருக்கிறது. அளந்த காற்றை வெளியே துப்பிவிட்டால், வராத காற்றுக்கும் பெட்ரோல் ஊற்றிவிடும். பசாரில் வந்த கரும்புகை அதுதான். அதனால் வால்வு விடுகிற காற்று வெளியே போகக் கூடாது, மிஷினின் முன்பக்கத்துக்கே திரும்பிப் போக வேண்டும், அதற்குத் தனிக் குழாய்வாய் இருக்கிற வால்வாகப் பார்க்க வேண்டும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இது எனக்குத் தெரியாது சம்பந்தி. எங்க ஆவி வானத்துக்குப் போயிரும்" என்றார். தெரியாது என்பதை எவ்வளவு சுலபமாகச் சொன்னார் அந்த மனுஷன். எனக்கு அந்தச் சொல் தொண்டையில் முள் மாதிரி நிற்கும்.

பீப்பாயின் அடி தெரிகிற நேரத்தில் ஒன்று அகப்பட்டது. கம்பெனியிலிருந்து வரும்போதே சூப்பர்சார்ஜரோடு வந்த ஒரு காடியின் வால்வு. கறுப்புப் பிளாஸ்டிக். மண்ணெண்ணெய் அடுப்பின் மூடி மாதிரி ஒரு அழகு. அவர் மூச்சை இழுத்தார். 'டிக்'. விட்டார். மூடியது. மறுபடி இழுத்தார். 'டிக்'. ஊதி அழுத்தினார். துளி கசியவில்லை. குழாயை என்னிடம் நீட்டினார். அவர் பல் தடத்தின் மேலேயே கடித்து நானும் இழுத்தேன். அந்தத் தட்டு என் மூச்சுக்கு எழுந்து விரலில் இடித்தது. முதல் எஞ்சினை உயிர்ப்பித்த நாளுக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "ரொம்ப அசிங்கமா இருக்கே சம்பந்தி. சத்தமும் வராதே" என்றேன்.

"சத்தத்துக்குத்தான் உறுமி மேளம் வச்சிருக்கோமே" என்றார். தவுக்கேக்குத் தமிழ் புரியாது, ஆனால் அவரும் சேர்ந்து சிரித்தார். அதே மாதிரி இன்னொன்றையும் தேடி எடுக்கவைத்தார் சம்பந்தி. பாய்லர்க்காரர்கள் எதையும் ஒற்றையாக வாங்கமாட்டார்களாம்.

கல்யாணத்தன்று வெயில் அப்படி ஒரு வெயில். தாலி கட்டி, ஆசீர்வாதம் முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் பின் சீட்டில். நான்தான் ஓட்டினேன், வேறு யாரிடம் கொடுப்பேன்? உறுமிக்காரர்கள் பத்துப் பேர், ஆடுகிற இளவட்டங்கள் முப்பது பேர், அதற்குப் பின்னால் நாங்கள். நாலடி போவோம், நிற்போம். தம்பிமார் வட்டம் கட்டி ஆடுவார்கள். மறுபடி நாலடி. என் கண் முழுக்கச் சூடு காட்டுகிற முள்ளில். பட்டுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. உறவுக்காரர்கள் எல்லாம் பின்னால் வர, சம்பந்தி மட்டும் பட்டு வேட்டியோடு பானட்டின் பக்கத்தில் நடந்து வந்தார். உள்ளங்கையை அதன் மேல் வைத்திருந்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கூட்டத்திலிருந்து ஒரு அம்மா, "பொண்ணைப் பார்க்காம காடியைப் பார்த்துக்கிட்டு வர்றாரே இவரு" என்றாள். "காடியைப் பார்த்தா பொண்ணைப் பார்த்த மாதிரிதாங்க" என்றார் அவர், கையை எடுக்காமல்.

மண்டபத்துக்கு முன்னால் மேளக்காரர்கள் கடைசி ஆட்டம் என்று ஆரம்பித்து விடவே இல்லை. கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோம். பசாரில் காடி நின்றுபோனது இதைவிடக் குறைவான நேரத்தில். நான் வேர்வையைத் துடைக்கக் கூட மறந்து முள்ளையே பார்த்தேன். முள் பாதியில் நின்றது. பாதியைத் தாண்டவே இல்லை. எஞ்சின் தூங்குகிற பூனை மாதிரி ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. சம்பந்தி பானட்டிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் காடிக் கதவைத் திறந்து மகளைப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்து பெண்ணை எங்கள் வீட்டுக்கு அழைத்துவருகிற நேரத்தில் அவரையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டேன். பிறை டோலில் நீளமான வரிசை, அதிலும் ஊர்ந்தோம், காடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலத்தில் ஏறியதும் பின்னாலிருந்து என் மருமகள், முதல் நாள் மருமகள், "என்னா மாமா, இவ்வளவுதானா? ஜெலுத்தோங் முழுக்கச் சொன்னீங்களாமே" என்றாள். அழுத்தினேன். அந்த மிஷின் புல்லாங்குழல் மாதிரி ஒரு சீழ்க்கை எடுத்தது பாருங்கள், காடி எங்கள் எல்லாரையும் சீட்டோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. வேகம் எவ்வளவு என்று எழுதுவதாக இல்லை, போலீஸிலும் எனக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். பிறையின் புகைபோக்கிகள் பின்னால் சிறிசாகிக்கொண்டே போயின. கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டிருந்த சம்பந்தி பல் தெரியச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "மூடிக்கிச்சு சம்பந்தி" என்றார். காலை எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. "திறந்துக்கிச்சு" என்றார்.

இங்கே நிறுத்தினால் என் பெருமை முழுசாக இருக்கும். ஆனால் அன்று மாலை என் வீட்டு வாசலில் நடந்ததையும் எழுத வேண்டும். தீவில் எனக்குச் சமமாகப் பட்டறை வைத்திருக்கிற ஒருவர் பானட்டைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த வால்வு யாரோட யோசனை அண்ணே? இது யாருக்கும் தோணாதே" என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. "வேற யாரு?" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டேன். கையில் சிராப் சர்பத் கிளாசோடு சம்பந்தி பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்த மனிதரிடம், "சம்பந்திக்குத் தெரியாத வால்வா?" என்றார். அதற்கப்புறம் இந்த ஒன்பது வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் எடுத்ததில்லை. சூப்பர்சார்ஜர் காடிக்காரர்கள் தீவிலிருந்தும் அந்தக் கரையிலிருந்தும் என்னைத் தேடி வந்தார்கள். ஒவ்வொரு வால்வையும் அந்தக் குழாயைக் கடித்துத்தான் தேர்ந்தெடுத்தேன், பேர் எனக்குத்தான் வந்தது. சூடம் காட்டினேனே தவிர, உண்மையைச் சொல்லவில்லை.

போன மாதம் அவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். நல்லபடியாக முடிந்து, மகளோடு இருக்கட்டும் என்று எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். மூச்சை இழுத்து மூன்று பந்துகளை மேலே ஏற்றுகிற ஒரு பிளாஸ்டிக் பொருளை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். நுரையீரல் விரியாவிட்டால் சளி கட்டிக்கொள்ளும், அது ஆபத்து என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் ஒரு பந்தைப் பாதி ஏற்றினார். பிறகு, பிள்ளை விளையாட்டு என்று சொல்லிவிட்டு அதைத் தொடவே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் மருமகள் கெஞ்சினாள், அதட்டினாள், அடுப்பங்கரையில் போய் அழுதாள்.

நான் பட்டறைக்குப் போய் ஆணியிலிருந்து குழாயையும் அலமாரியிலிருந்து அந்த இரண்டாவது வால்வையும் எடுத்து, வெந்நீரில் நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வருகிற நர்ஸ் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதையும் இழுக்கட்டும் அங்கிள், ஆனா அந்தப் பந்தையும் விடக் கூடாது" என்றார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "சம்பந்தி, சும்மா படுத்திருக்கிறப்ப என்ன செய்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் திரும்பினார். குழாயைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார், கையை நீட்டினார். பழைய தடத்தைத் தேடிக் கடித்தார். மேலே நாலு பல்லில் இப்போது இரண்டுதான் பாக்கி. இழுத்தார். தட்டு அசையவில்லை. "பிடிவாதக்காரன்" என்றேன். அவர் முறைத்தார். அன்றிலிருந்து காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், வால்வு ஒரு தரம் பந்து ஒரு தரம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அதே வேலை. நான் தட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரம் போனது. பத்து நாள் போனது. இரண்டாவது பந்து ஏறியது. வால்வு அசையவில்லை.

நேற்றுக் காலை வீடு நிறைய ஆள். அவரைப் பார்க்க சிம்பாங் அம்பாட்டிலிருந்து உறவுக்காரர்கள், கூடவே கல்யாணத்தன்று வாசலில் வால்வைப் பற்றிக் கேட்ட அதே பட்டறைக்காரர். சம்பந்தி குழாயைக் கடித்தார். நெஞ்சு மெதுவாக ஏறியது. என் விரலில் ஏதோ இடித்தது.

'டிக்.'

விட்டார். மூடியது. அறையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "என்னா அண்ணே அது?" என்றார் பட்டறைக்காரர். என் மகனின் கல்யாணக் காடியில் இருக்கிற வால்வின் ஜோடி இது, பார்த்து எடுத்தவர் இவர்தான், எனக்கு அன்று ஒன்றும் தெரியாது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். தொண்டையில் முள் எதுவும் நிற்கவில்லை. சம்பந்தி குழாயை வாயிலிருந்து எடுத்து, "காத்து திரும்பிப் போகணும்னு சொன்னது நீங்கதானே" என்றார். அதற்குள் மூச்சு வாங்கியது. கொஞ்சம் ஆறிவிட்டு மறுபடி கடித்தார்.

ஆணி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மூன்றாவது பந்து ஏறட்டும், பிறகு மாட்டிக்கொள்ளலாம்.